நேபோ மலையும் நிறைவுறாப் பணியும்

தோரா எனப்படும் ஐந்தாகமம் உலகத் தோற்றத்தில் தொடங்கி, முதியவர் ஒருவர் மலைமேலேறித் தாம் செல்லலாகா நாட்டைக் கண்ணாற் கண்டு உயிர் நீத்தமையைக் கூறி முடிகின்றது. 40 ஆண்டு மக்களை நடத்திவந்த மோசே யோர்தானைக் கடவாமலே மாய்ந்தார் என்பது ஒரு பெருநூற்குத் தக்க முடிவாகுமோ என யாமும் ஐயுற்றதுண்டு. உபாகமத்தின் இறுதி நான்கு அதிகாரங்களையும் ஒருசேர நோக்கியபின், நமக்கு வேண்டிய பாடம் அம்முடிவிலேயே உளதென்பது புலனாயிற்று.

120 வயதெய்திய மோசே முதற்கண் செய்தது யாது? நூனின் குமாரனாகிய யோசுவாவை மக்களனைவர் முன்னிலையிலும் அழைத்துத் திடப்படுத்தினார். தலைமையை மறைவில் அளிக்காது, யாவரும் அறிய அளித்தார். அடுத்து, நியாயப்பிரமாணத்தை எழுதி ஆசாரியரிடமும் மூப்பரிடமும் ஒப்படைத்தார். ஏழாண்டுக்கொருமுறை கூடாரப் பண்டிகையில் ஆடவர், பெண்டிர், சிறுவர், அந்நியர் ஆகிய யாவரும் கேட்க அதனை வாசிக்குமாறு விதித்தார். கல்வி ஒரு சிலரது உடைமையன்று என்பது இதனால் விளங்கும். பின்னர், மக்கள் வழிதவறுவர் என்பதை அறிந்தும் அவர்களுக்கு ஒரு பாட்டைக் கற்பித்தார். ஏடு எட்டாத இடத்தும் பாட்டு நாவில் நிற்குமன்றோ?

மக்கள் தண்ணீருக்காக வாதாடிய மெரிபாவில் நேர்ந்த பிழையால் அந்நாட்டை இழந்தவர் மோசே. முறுமுறுத்த அம்மக்களைக் கடிந்து அவர் விடைபெற்றிருக்கலாம். ஆயினும் அவர் இறுதியாகக் கூறியது வாழ்த்தே. பின்பு எரிகோவுக்கு எதிரேயுள்ள நேபோவில் ஏறி நாடு முழுவதையும் கண்டு, மோவாபில் மரித்தார். அவரது கல்லறை ஒருவருக்கும் தெரியாது. மக்கள் 30 நாள் துக்கங்கொண்டாடி, யோசுவாவின் சொற்கேட்டு நடந்தனர். சமாதி மறைந்தது, நூலும் பணியும் நின்றன.

மோசேயின் மரணத்தைக் கூறும் கடைசி எட்டு வசனங்களை எழுதியவர் யார் என யூத அறிஞர் ஆராய்ந்தனர். யோசுவா எழுதினார் என்பர் ஒரு சாரார். மோசேயே கண்ணீரோடு எழுதினார் என்பர் மற்றொரு சாரார். யூதர் தம் ஆலயங்களில் ஆண்டுதோறும் இவ்விறுதிப் பகுதியை வாசித்த அன்றே ஆதியாகமத்தின் தொடக்கத்தையும் வாசிப்பர். முடிவு என்பது மற்றொரு தொடக்கமே என்பது அவ்வழக்கத்தின் கருத்துப் போலும்.

இதற்குத் தமிழ் வேதாகம வரலாறே சான்று பகரும். 1706-இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு ஐயர் மோசேயின் ஆகமங்களைத் தமிழாக்கி, ரூத்தின் சரித்திரமளவும் வந்து, 1719-இல் உயிர் நீத்தார். எஞ்சியதை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சு ஐயர். பழைய ஏற்பாடு முழுமையும் 1728-இல் அச்சேறி முடிந்தது. நேபோ மலைக் காட்சியைத் தமிழில் வடித்தவர்க்கும் அக்காட்சியே வாய்த்தது!

இனி எம்மைப்பற்றி ஒரு சொல். விடுதிப் பணியாளர்தம் சிறுவர்க்கு மாலைநேர வகுப்பொன்றை யாம் சிலர் மூவாண்டுக்கு முன் தொடங்கினோம். இன்னும் சில திங்களில் யாம் கல்லூரியை விட்டு நீங்குவோம். அச்சிறுவரோ இன்னும் முதற் பாடப் புத்தகத்தையே முடித்திலர். இளைய மாணவர் எவரையும் யாம் அப்பணியிற் பழக்கவில்லை. அது எமதென்றே விளங்கவேண்டும் என்னும் சிறு செருக்கே அதற்குக் காரணம். இவ்வதிகாரங்களைப் படித்து நாணினோம். சென்ற வாரம் முதல் வகுப்பை இரண்டாம் ஆண்டு மாணவர் இருவர் நடத்துகின்றனர். யாம் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றோம்.

தொடங்கிய பணியின் பயனைக் காண்பது எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அதனைத் தக்கார் கையில் ஒப்படைத்து, வாழ்த்தி விலகுவதோ எவர்க்கும் இயல்வதே. நண்பர்காள்! விடைபெறுமுன் நம் யோசுவாக்களைத் தேடுவோமாக.