பெரம்பூர்னு சொல்லிடு!

வேலைக்கு இன்டர்வியூ கிளம்பும் பிள்ளைக்கு வடசென்னையின் வியாசர்பாடியில் கூடுதலாக ஓர் அறிவுரை கிடைக்கும்: “எந்த ஏரியான்னு கேட்டா, பெரம்பூர்னு சொல்லிடு.” முழுப் பொய்யும் இல்லை, பக்கத்து ஏரியாதான். சொந்த விலாசத்தைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த வழி அது.

வடசென்னை என்றாலே ரவுடி, கஞ்சா, கத்தி. இந்த எண்ணத்தை வளர்த்துவிட்டதில் சினிமாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 2018-ல் வந்த ‘வடசென்னை’ படத்தின் நாயகன் கேரம் ஆட்டக்காரன். ஆனால் தியேட்டரை விட்டு வந்தவர்கள் பேசியதெல்லாம் கத்தியைப் பற்றித்தான்.

இத்தனைக்கும் கேரம்தான் அங்கே அன்றாடம். பொழுது சாய்ந்தால் போர்டுக்கு மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, போரிக் பவுடரைத் தூவி, காய்களை அடுக்கிவிடுவார்கள். ஆடுகிறவர்கள் நாலு பேர், சுற்றி நின்று யோசனை சொல்கிறவர்கள் பத்துப் பேர். வெளியாள் கண்ணுக்கு இது வெட்டிக் கூட்டம். ஆனால் வியாசர்பாடி இளவழகி 2008-ல் கேரமில் உலக சாம்பியன் ஆனவர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

குற்றமே நடப்பதில்லை என்று யாரும் சாதிக்கவில்லை. ஆனால் தி.நகரில் ஒரு கொலை விழுந்தால் கொலைகாரனைத் தேடுகிறோம். காசிமேட்டில் விழுந்தால் காசிமேட்டையே குற்றவாளி ஆக்கிவிடுகிறோம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பியது இதே வடசென்னையின் ராயபுரத்திலிருந்து. நாட்டின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் உருவானது, பெரம்பூர் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்களை வைத்து. பழம்பெருமை இருக்கட்டும், இன்றைக்கு வருவோம். நகரத்துக்கு கரண்ட் வேண்டுமா, எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையம். பெட்ரோலா, மணலி சுத்திகரிப்பு ஆலை. குப்பையா, இருக்கவே இருக்கிறது கொடுங்கையூர் கிடங்கு. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்தபோது எண்ணூர் மீனவர்களின் படகும் வலையும் தார் பூசியதுபோல் ஆயின. அழுக்கையெல்லாம் அங்கே அனுப்பிவிட்டு, ‘அழுக்கு ஏரியா’ என்று மூக்கைப் பொத்திக்கொள்வதும் நாம்தான். வசதி மட்டும் தாமதமாகத்தான் வரும்: 2015-ல் ஓடத் தொடங்கிய மெட்ரோ, திருவொற்றியூரை எட்டிப் பார்க்க 2021 ஆனது.

ஏளனத்தையாவது துடைத்துப் போட்டுவிட்டுப் போகலாம். கடன் கேட்டுப் போனால்தான் இந்தக் கெட்ட பெயர் வயிற்றில் அடிக்கிறது. கடன் தரும் நிறுவனங்களில் ‘நெகட்டிவ் ஏரியா’ என்றொரு கணக்கு புழங்குகிறது. சம்பளச் சீட்டு சரி, சிபில் ஸ்கோர் சரி, பின்கோடு மட்டும் சரியில்லை! விண்ணப்பித்தவரிடம் இந்தக் காரணத்தைப் பல நேரம் எழுத்தில் தருவதும் இல்லை.

வடசென்னையை நல்லபடியாகக் காட்டுங்கள் என்று சினிமாக்காரர்களிடம் கெஞ்சுவதைவிட இதைக் கேட்பது பயன் தரும்: கடனை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு ஏற்கெனவே உள்ள விதியை, விலாசத்தைப் பார்த்து மறுக்கும்போதும் ரிசர்வ் வங்கி கறாராக அமல்படுத்தட்டும்.