காப்பித் தோட்டத்துக்குள் 26 கேள்விகள்!

ராத்திரி தூக்கம் எப்படி? கையில் காசு தேவைக்கு இருக்கிறதா? வேலை செய்யத் தெம்பு இருக்கிறதா? கடந்த இரண்டு வாரங்களை மனதில் வைத்துப் பதில் சொல்ல வேண்டிய 26 கேள்விகள். உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தரப் படிவம் இது. உடல், மனம், உறவு, சூழல் என்று நான்கு பக்கமும் துழாவும். இதில் துள்ளிக் குதிக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? 1991-ல் இதற்கான வேலை தொடங்கியபோது, கேள்விகளைச் செதுக்கிய உலக மையங்களில் நம்ம சென்னையும் ஒன்று! முதலில் 100 கேள்விகள் கொண்ட படிவம் வந்தது. வடிகட்டி வடிகட்டி 26-ல் நிறுத்தினார்கள்.

இந்தப் படிவத்தோடு ஒரு சமூகப்பணி மாணவி சேர்வராயன் மலை ஏறினால் என்னென்ன நடக்கும்? திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம், வாங்க!

20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டில் இறங்கி, பத்து மணிக்குத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போனால் கதவுகள் சாத்தியிருக்கும். காப்பிப் பழம் பறிப்புக் காலமாயிற்றே! பறித்ததை எடை போட்டுவிட்டு வீடு திரும்பி, உலை வைப்பதற்குள் கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் பேட்டிக்கு. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடிதான் இன்றைக்கும் இங்கே ஆய்வின் கால அட்டவணையைப் போடுகிறது!

அடுத்து, எங்கே உட்காருவது? மேஸ்திரி பக்கத்தில் நின்றால் எல்லோரும் 'நல்லா இருக்கோம்' என்பார்கள். மாமியார் காதில் விழுமென்றால் உறவு பற்றிய 20-வது கேள்விக்குப் பதில் மென்று விழுங்கப்படும். 21-வது, தாம்பத்தியம் பற்றியது! ஒத்திகை பார்க்காமல் போனால் கேட்பவர்தான் முதலில் தலைகுனிவார். அதனால் தனியிடம் பார்த்து, பெண்ணிடம் பெண்ணே கேட்பாள். "பிடிக்கலைன்னா பதில் சொல்ல வேண்டாம்க்கா, உங்க பேரும் இதுல வராது" என்று முதலிலேயே சொல்லிவிடுவாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 25-வது கேள்வி. போக்குவரத்து வசதியில் எவ்வளவு திருப்தி? பதிலுக்கு ஐந்து எண்கள். ஒன்றை வட்டமிட வேண்டும். நாகலூர் பக்கம் கேட்டுப் பாருங்கள். "அதை ஏன் கண்ணு கேக்கற" என்று ஆரம்பித்தால் கடைசி பஸ், அதை விட்டால் நடக்க வேண்டிய தூரம், வழி மறிக்கும் காட்டெருமை, தூக்கிச் சுமந்த நோயாளி என்று ஒரு மலையே பேசும்! கெட்டிக்கார மாணவி எண்ணை வட்டமிட்டதோடு நிற்க மாட்டாள். படிவத்தின் ஓரத்தில் அத்தனையையும் அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வாள். அந்த ஓரம்தான் புதையல்!

ராத்திரி மதிப்பெண் போடும்போது இன்னொரு ரகசியம். 3, 4, 26 ஆகிய மூன்று கேள்விகளுக்கு மட்டும் எண்ணைத் திருப்பிப் போட வேண்டும். வலி, தொடர் சிகிச்சை, மனச்சோர்வு பற்றியவை அவை. அங்கே பெரிய எண் என்றால் பெரிய துன்பம். திருப்ப மறந்தால், முதுகுவலியில் துடிக்கிறவர் கணக்கில் சுகவாசி ஆகிவிடுவார்! எத்தனை பெரிய அநியாயம்!

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களாவது வேலை செய்கிற தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. காப்பகம் இருக்கிறதா என்று ஆய்வாளர் ஒருவர் வந்து பார்த்துவிடலாம். பிள்ளையை அங்கே விட்ட தாய் நிம்மதியாகப் பழம் பறிக்கிறாளா என்பதை அவளிடம் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

கேட்டதோடு கடமை முடியவில்லை. ஆய்வேடு கல்லூரி நூலகத்துக்குப் போகும் முன், முடிவுகள் அந்த லைன் வீடுகளுக்குத் திரும்பி வர வேண்டும். பஸ் பற்றிச் சொன்னது போக்குவரத்துக் கழகத்துக்கும், வலி பற்றிச் சொன்னது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போய்ச் சேர வேண்டும். அந்தப் பெண்கள் உலை வைக்கும் நேரத்தைக் கொடுத்துச் சொன்ன பதில்கள் அவை!