உமிழ்நீர் வடிவது ஏன்?

புளியங்காயைக் கண்டதும் நாவில் நீர் ஊறும். அந்நீரே உமிழ்நீர். வாயிலுள்ள சுரப்பிகள், அவற்றுள் சிறப்பாக மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகள், நாள்தோறும் ஏறத்தாழ 1 லிட்டர் உமிழ்நீரைச் சுரக்கின்றன. மனிதர் அதனை அறியாமலே விழுங்கிவிடுகின்றனர்.

விழுங்கும் திறன் முதிராத கைக்குழந்தைக்கு வாய்நீர் வடிதல் இயல்பு. 4 வயதுக்குப் பின்னும் அது நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். பெருமூளை வாதம், பார்க்கின்சன் நோய் ஆகியவற்றில் பெரும்பாலும் சுரப்பு மிகுவதில்லை. விழுங்கும் திறனே குன்றுகிறது.

இடைவிடாத ஈரத்தால் வாயைச் சுற்றித் தோல் புண்ணாகும். உமிழ்நீர் மூச்சுக்குழலுள் புகுந்தால் நுரையீரல் அழற்சி உண்டாகலாம். காய்ச்சலும் மூச்சுத்திணறலும் சேர்ந்து, திடீரென வாய்நீர் வடிந்தால் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

பயிற்சியாலும் மருந்தாலும் இதனைக் குறைக்க இயலும். வாய்நீர் வடியும் தோழனை எள்ளுதல் தகாது. அது விழுங்கும் திறனின் குறைவே. அறிவின் குறைவு அன்று.

அருஞ்சொற்பொருள்: குன்றுதல் – குறைதல், எள்ளுதல் – இகழ்தல்.