எஃகின் அரைத்திண்ம உருவாக்கத்துக்கான அச்சுப் பொருட்கள்

பாதி உருகி, பாதி திண்மமாக இருக்கும் உலோகக் கலவையை அச்சில் அழுத்தி வடிவமைப்பது அரைத்திண்ம உருவாக்கம் ஆகும். இந்நிலையில் உலோகம் வெண்ணெய் போல வழியும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இம்முறை உருவானது.

அலுமினியக் கலவைகளுக்கு ஏறத்தாழ 600 °செ வெப்பம் போதும். எச்13 போன்ற கருவி எஃகு அச்சுகள் அதைத் தாங்கும். எஃகை அரைத்திண்மமாக்க 1,300 °செ-க்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் எச்13 அச்சின் பரப்பு மென்மையாகி, விரிசல் விடும். மாலிப்டினக் கலவையான டி.இசட்.எம். வலிமை இழக்காது, ஆனால் காற்றில் ஆக்சிசனேற்றமடையும். சிலிக்கான் நைட்ரைடு இரும்புடன் வினைபுரியும். அலுமினா வினைபுரியாது, ஆனால் கொதிநீர் பட்ட கண்ணாடிபோல் திடீர்ச் சூட்டில் உடையும். எனவே செருமனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பீங்கான் அச்சையே முன்கூட்டிச் சூடேற்றினர். அச்சு பிழைத்தது, ஆனால் சூடான அச்சில் எஃகு மெதுவாகவே உறையும் என்பதால் உற்பத்தி வேகம் குறைகிறது.