ரயிலடி நிலம் யாருக்கு?

'போக்குவரத்து மையப்பட்ட வளர்ச்சி' என்றொரு சொல் நம் நகரத் திட்ட ஆவணங்களில் தாராளமாகப் புழங்குகிறது. அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் பீட்டர் கால்தார்ப் 1993இல் வெளியிட்ட நூல்வழி பரவிய கருத்து இது. ரயில் நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டருக்குள், பத்து நிமிட நடைக்குள், வீடு, கடை, அலுவலகம், பள்ளி எல்லாவற்றையும் நெருக்கிக் கட்டுவது, காரைக் குறைப்பது, நடப்பவருக்கு வழிவிடுவது. 2017இல் இந்திய அரசு இதற்கென்று தேசியக் கொள்கை ஒன்றையே வகுத்தது. 'நல்லதுதானே, இதுல என்னய்யா தப்பு?' என்று கேட்கலாம். தப்பு கருத்தில் இல்லை. அந்த நிலம் யாருடையது, அதன் விலையேற்றம் யார் பைக்குப் போகிறது என்ற கேள்வியை இந்தச் சொல் மூடிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

ரயிலை ஒட்டி ஊர் வளர்வது நமக்குப் புதிதல்ல. கடற்கரை - தாம்பரம் மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. 1928இல் காசநோயாளிகளுக்கான சானடோரியம், 1937இல் இடம்மாறி வந்த கிறித்துவக் கல்லூரி, தோல் தொழிலால் பெயர்பெற்ற குரோம்பேட்டை, 1984இல் வந்த மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் என்று எல்லாம் இந்தத் தண்டவாளத்தின் ஓரம் அமைந்தவைதான். தொழிலாளரும் குமாஸ்தாக்களும் ரயிலை நம்பியே பல்லாவரத்திலும் பெருங்களத்தூரிலும் வீடு பிடித்தார்கள். மனை பிரித்து விற்றவன் வேகத்துக்கு வடிகாலும் நடைபாதையும் வரவில்லை. 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது அந்தக் கணக்குத் தெரிந்தது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானதே 2021இல்தான். அதாவது இங்கே நெருக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ஈடான பொது வசதிதான் இல்லை.

இந்த விவாதத்தில் சீன நகரங்களை முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். அங்கே இது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். சீனாவின் 1982 அரசமைப்புச் சட்டப்படி நகர நிலம் அரசுடையது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அதைப் பயன்படுத்தும் உரிமையைத்தான் நகர அரசு விற்கிறது. ரயில் வந்தால் நிலவிலை ஏறும். ஏறிய விலையில் உரிமையை விற்றோ, ரயில் நிறுவனமே கட்டிடம் எழுப்பியோ ரயில் செலவின் ஒரு பகுதியை மீட்கலாம். ஹாங்காங்கில் தேர்ந்த இந்த முறையை சென்ஜென் எடுத்துக்கொண்டது. அதே சென்ஜெனில் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய பைஷிஜோ என்னும் 'நகர்ப்புறக் கிராமம்' மறுகட்டமைப்புக்காகக் காலி செய்யப்பட்டது. 2019இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருந்த உழைப்பாளிகள். வீட்டுக்காரருக்கு இழப்பீடு உண்டு, குடித்தனக்காரருக்கு? நிலம் பொதுவுடைமையாக இருந்தாலே நீதி வந்துவிடாது என்பதற்கு இதுவே சாட்சி.

நம்மிடம் அந்தப் பொதுவுடைமையும் கிடையாது. இங்கே கையாளப்படும் கருவி எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. குறியீடு 2 என்றால் அதில் 4,800 சதுர அடி கட்டலாம். அதை 3 ஆக்கினால் இன்னொரு 2,400 சதுர அடி வானத்தில் முளைக்கிறது. இந்தப் புதிய 'நிலத்தை' உண்டாக்கியது மனைக்காரரின் உழைப்பல்ல. அரசின் ஒரு கையெழுத்தும் மக்கள் வரிப்பணத்தில் ஓடும் ரயிலும். கூடுதல் பரப்புக்கு அரசு கட்டணம் வாங்குகிறது, சரி. அந்தக் கட்டணம் அதே ரயிலடியின் வடிகாலுக்கும் வாடகை வீட்டுக்கும் திரும்பி வருகிறதா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

நம் அனுபவம் என்ன சொல்கிறது? பக்கிங்காம் கால்வாய் ஓரமாக 1995இல் தொடங்கி 2007இல் வேளச்சேரியை எட்டிய பறக்கும் ரயிலின் நிலையங்கள் பிரம்மாண்டமானவை. கடைகளுக்கென்று கட்டிய தளங்கள் பல ஆண்டுகள் இருண்டு கிடந்தன. கட்டிடம் இருந்தது; இறங்கி நடக்க வழியும் இணைப்புப் பேருந்தும் இல்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது பக்கத்திலேயே தண்டவாளம் ஓடியது, ஆனால் ரயில் நிற்க நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு வந்திறங்கியவர்கள் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ தாம்பரத்துக்கோ அலைந்தார்கள். ஒரு துறை முனையம் கட்டுகிறது, இன்னொரு துறை ரயில் ஓட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஜனங்கள்.

இதன் மறுபக்கம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். ஆற்றோரத்திலிருந்தும் கால்வாய் ஓரத்திலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்டவர்கள் ரயிலே இல்லாத இடங்களில் கொண்டுபோய்க் குவிக்கப்பட்டார்கள். ரயில் மிகவும் தேவைப்படுகிறவர்களை ரயிலடியிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, கார் வைத்திருப்பவர்களுக்கு ரயிலடியில் அடுக்குமாடி கட்டுவதற்குப் பெயர் போக்குவரத்து மையப்பட்ட வளர்ச்சியா? மெட்ரோவின் இரண்டாம் கட்டத் தடம் பெரும்பாக்கம் வழியாகச் செல்லத் திட்டமிடப்பட்டிருக்கிறது. ரயில் வந்த பிறகு 'வாடகை ஏறிப்போச்சு, கட்டுப்படியாகலை' என்று அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்கள் இன்னும் தெற்கே நகர வேண்டியிருக்குமானால், அது சட்டப்படி வெளியேற்றம் ஆகாது, ஆனால் வெளியேற்றம்தான்.

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை ஜி.எஸ்.டி. சாலை வழியாக 15.46 கிலோமீட்டர் மெட்ரோ நீட்டிப்புக்கான திட்டம் முன்வைக்கப்பட்டுள்ளது. தண்டவாளம் பதித்த பிறகு கோரிக்கை வைப்பதில் பயனில்லை. விலை அதற்கு முன்பே ஏறிவிடும். ரயிலடியைச் சுற்றியுள்ள பொது நிலத்தை விற்கக் கூடாது. கூடுதல் தளப்பரப்பில் ஒரு பங்கு குறைந்த வாடகை வீடாக வேண்டும். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நிலையத்து வாசலில் பூவும் பழமும் இட்லியும் விற்பவர்களுக்கு வரைபடத்திலேயே இடம் குறிக்க வேண்டும். ஏரியும் சதுப்பும் எந்தக் குறியீட்டுக்கும் உட்படக் கூடாது. ஆன்ரி லெஃபெவ்ர் 1968இல் 'நகரத்துக்கான உரிமை' என்று எழுதினார். தாம்பரத்தில் அந்த உரிமையின் எளிய பொருள் இதுதான்: ரயிலில் வேலைக்குப் போகிறவர் ரயிலடியிலேயே குடியிருக்க முடிய வேண்டும்.