எக்ஸ்-கதிர்ப் பிலிமும் அக்குறணை மலையும்

எலும்பு முறிவைக் காட்டுதற்கென ஆக்கப்பட்ட எக்ஸ்-கதிர்ப் பிலிமில் மலையையும் மரத்தையும் படம்பிடிக்கலாமென்று கூறின் அன்பர் சிலர் நகைப்பர். ஆயினும், 8 அங்குலத்துக்கு 10 அங்குலப் பெருங்கமராவுக்குரிய பிலிம் விலைமிக்கது. அதேயளவு எக்ஸ்-கதிர்ப் பிலிமோ அதனினும் மிக மலிவானது.

இப்பிலிமில் நீல ஒளியை மட்டும் உணர்வதும், பச்சையையும் சேர்த்து உணர்வதுமென இருவகையுண்டு. இவ்வேறுபாடு சிறிதன்று. இலைகள் நீல ஒளியைப் பெரிதும் விழுங்கிவிடுவன. ஆதலின் பிங்கா ஓயாப் பள்ளத்தாக்கின் பசிய சரிவுகள் முதல்வகையிற் கரிக்குவியலாய்த் தோன்றும், வானமோ வெறும் வெண்மையாகும். 1870களிற் கண்டியில் ஸ்கோவன் நிலையத்தார் எடுத்த காலத்துக் கண்ணாடித் தகடுகளும் நீலத்தையே பெரிதும் உணர்ந்தன. எனவே அக்குறணைக்குப் பச்சை உணரும் பிலிமையே நாம் விரும்புகிறோம்.

அதுவும் சிவப்பை உணராது. ஓட்டுக்கூரை கறுக்கும்; வெற்றிலை மென்ற இதழும் கறுக்கும் (முதியோரைப் படமெடுப்போர் முன்னரே சொல்லிவிடுதல் நன்று!). ஆனால் இக்குறையே பெருநன்மையுமாகும்: மங்கிய சிவப்பு விளக்கின்கீழ் உருத் துலங்குவதைக் கண்ணாரக் கண்டு, வேண்டிய கணத்திற் பிலிமை வெளியெடுக்கலாம்.

பெரும்பாலானவற்றில் ஒளியுணர் பூச்சு இருபுறமுமுண்டு. ஈரத்தில் நகம் பட்டாலே கீறும். வழவழப்பான கண்ணாடித் தட்டில் ஒவ்வொன்றாகக் கழுவுதல் வேண்டும். ஒளிநிழல் வேறுபாட்டை இது மிகைப்படுத்துவதால், உருத்துலக்கியை வழக்கத்தினும் நீர்க்கச் செய்தல் தகும்; நண்பகல் வெயிலைத் தவிர்த்து, முகில் மூடிய காலையிற் கமராவைத் தூக்கிச் செல்லுதல் உத்தமம்.