மேல் ஏரியும் கீழ் ஏரியும்

கடலில் சென்ற கப்பல் ஒன்றில் சிலருக்கு மேல்தளமும் சிலருக்குக் கீழ்த்தளமும் இடமாக வாய்த்தன. கீழ்த்தளத்தார் தண்ணீர் வேண்டும்போதெல்லாம் மேலே சென்று மொண்டு வரவேண்டியிருந்தது. மேலே இருப்போருக்கு நாம் ஏன் தொல்லை தரவேண்டும், நமக்குரிய பகுதியிலேயே ஒரு துளையிட்டு நீர் எடுத்துக் கொள்வோமே என்று அவர்கள் எண்ணினார்கள். அவர்களுடைய எண்ணத்தில் தீமை இல்லை. ஆயினும் மேல்தளத்தார் அதைத் தடுக்காமல் வாளாவிருந்தால், துளையிட்டவர்களோடு தடுக்காதவர்களும் சேர்ந்தே மூழ்குவார்கள்; தடுத்தால் இருசாராரும் பிழைப்பார்கள். சமுதாய வாழ்வின் பொறுப்பை விளக்க அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எடுத்துக்காட்டிய உவமை இது.

இந்த உவமையைத் தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த சென்னையின் தென்புற நகர்களிலும் வாழ்வோர் தம் வாசற்படியில் நின்றே கண்ணாரக் காணலாம். இங்கே மேல்தளம் ஓர் ஏரி. கீழ்த்தளம் மற்றோர் ஏரி. மேல் ஏரியில் கலந்தது கீழ் ஏரிக்கு வந்தே தீரும்.

ஏரிகளின் சங்கிலி

செங்கல்பட்டு மாவட்டம் ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்றது. ஆண்டு முழுவதும் நீரோடும் பேராறு இல்லாத நிலத்தில், வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போவதை ஆண்டு முழுவதற்கும் காத்துவைக்க நம் முன்னோர் கண்ட வழி ஏரி. ஓர் ஏரி நிரம்பினால் மிகைநீர் கலங்கல் வழியே வெளியேறி அடுத்த ஏரியைச் சேரும். சிட்லபாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கத்திற்குச் செல்லும். செம்பாக்கத்திலிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் எனத் தொடர்ந்து, இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் அடங்கும். அந்தச் சதுப்பு நிலமே 2022ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பெருமை ஒருபுறம் இருக்க, அதே நிலத்தின் ஒரு பகுதியில்தான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் பல்லாண்டுகளாக வளர்ந்து வந்தது என்பதை மறந்துவிடலாகாது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன நேரும் என்பதை நம் தலைமுறையே இருமுறை கண்டுவிட்டது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழையில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்றின் கரையிலுள்ள முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. மக்கள் படகில் மீட்கப்பட்டனர். நான்கே ஆண்டுகள் கழிந்தன. 2019ஆம் ஆண்டு கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் குடிநீர் வந்தது. ஊரே மூழ்கிய நிலத்தில் நான்காண்டில் குடத்தோடு வரிசையில் நிற்கும் நிலை! மழை பெய்யாமலா இந்த நிலை வந்தது? பெய்த மழைக்குத் தங்குமிடம் இல்லாமற் போனதும் ஒரு காரணம் அன்றோ?

சிட்லபாக்கம் தரும் பாடம்

சிட்லபாக்கம் ஏரி ஒருகாலத்தில் 80 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடையதாக இருந்தது. ஆக்கிரமிப்புகளாலும் கட்டடங்களாலும் சுருங்கி, 50 ஏக்கருக்கும் குறைந்துபோயிற்று. கரையோரத்தில் ஊர்க்குப்பை பல ஆண்டுகள் கொட்டப்பட்டது. சுற்றிலும் எழுந்த வீடுகளின் கழிவுநீர் அதற்குள் வந்து விழுந்தது. அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் கொடியவர்களா என்றால், இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் குடும்பத்திற்கு ஒரு கூரை தேடியவர்களே. கப்பலின் கீழ்த்தளத்தில் துளையிட எண்ணியவர்களைப் போன்றவர்கள். தம் பகுதிக்குள் தாம் செய்வது பிறரை மூழ்கடிக்கும் என்று எண்ணிப் பாராதவர்கள்.

ஆயினும் அந்த ஊரில் தடுக்க முன்வந்தவர்களும் இருந்தார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்களும் இளைஞர் குழுவினரும் பல ஆண்டுகள் மனுக்கொடுத்தனர்; அலுவலகங்களின் படியேறினர். 2019ஆம் ஆண்டின் வறட்சிக்காலத்தில் நூற்றுக்கணக்கானோர் மண்வெட்டியும் கூடையுமாக ஏரிக்குள் இறங்கித் தாமே துப்புரவு செய்யத் தொடங்கினர். அந்த ஆண்டிலேயே ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாயை அரசு ஒதுக்கியது. தூர்வாரல், கரை பலப்படுத்தல், கழிவுநீரைத் தடுத்துத் திருப்பும் பணிகள் பொதுப்பணித் துறையின் வழியே நடைபெற்றன.

அடுத்த கண்ணியாகிய செம்பாக்கம் ஏரியில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் டிரஸ்ட் ஆகிய அமைப்புகள், ஐ.ஐ.டி. மெட்ராஸின் துணையுடன் சீரமைப்பில் ஈடுபட்டன. நாணல் போன்ற செடிகளின் வழியே நீரைச் செலுத்தி அழுக்கை வடிக்கும் இயற்கை முறையும் அங்கே கையாளப்பட்டது. ஆனால் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். எத்தனை கோடி செலவிட்டுத் தூர்வாரினாலும், மேலே உள்ள தெருக்களின் கழிவுநீர் மழைநீர்க் கால்வாயில் விடப்படுமானால் ஏரி மீண்டும் பழைய நிலையையே அடையும். அரசின் பணம் கரையைக் கட்டும்; குடிமகனின் ஒழுக்கமே நீரைக் காக்கும்.

நீர்த்துறைகளிலும், மக்கள் நடமாடும் பாதையிலும், அவர்கள் தங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்திற்குரிய செயலென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். வீட்டுக் கழிவுக் குழாயை இரவோடு இரவாக மழைநீர்க் கால்வாயில் இணைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவோர் இந்த எச்சரிக்கையைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

பம்மலின் பத்துப் பெண்கள்

நகரத்தின் நலனில் சாமானியருக்கு என்ன பங்கு என்று கேட்போருக்குப் பம்மல் விடை தருகிறது. சென்னையில் 1989ஆம் ஆண்டு தோன்றிய எக்ஸ்னோரா இயக்கம், தெருவைத் தூய்மையாக வைத்துக் கொள்ளத் தெருவாரே ஒன்றுசேர வேண்டும் என்னும் கருத்தைப் பரப்பியது. அந்த வழியில் 1994ஆம் ஆண்டு, பம்மல் ஸ்ரீ சங்கரா நகரில் பத்துப் பெண்கள் கூடி மகளிர் மன்றம் ஒன்றை அமைத்தார்கள். வீடுவீடாகக் குப்பையைப் பிரித்து வாங்கினார்கள்; மட்குவதை மண்புழு உரமாக்கினார்கள்; மட்காதவற்றை விலைக்குக் கொடுத்தார்கள்.

அவர்களிடம் பதவி இல்லை. பெரும் பொருளும் இல்லை. இல்லத்தரசிகள் குப்பையைத் தொடுவதா என்ற ஏளனம் எழுந்திராமலா இருந்திருக்கும்? ஆனால் அந்தத் தெருவில் தொடங்கிய பணி பின்னர் பம்மல் நகராட்சியின் பிற பகுதிகளுக்கும் விரிந்தது. குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பது கடமை என்று 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் நாடு முழுவதற்கும் கூறின. பம்மலின் பெண்கள் அதற்கு இருபதாண்டுகளுக்கு மேல் முந்தியவர்கள்!

நமக்குரிய இருக்கை

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றிணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. 70 வார்டுகள் அமைந்தன. முன்பு பேரூராட்சித் தலைவரை வழியில் கண்டே குறை சொல்லப் பழகிய ஊர்களுக்கு, மாநகராட்சி சற்றே எட்டாத உயரமாகத் தோன்றுவது இயல்பு.

அந்த இடைவெளியைக் குறைக்கவே வார்டுக் குழு, பகுதி சபை என்னும் இரண்டு ஏற்பாடுகள் வந்தன. ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். அப்பகுதியின் வாக்காளர்கள் கூடி, தெருவிளக்கு முதல் ஏரிக் கால்வாய் வரை தம் தேவைகளை எடுத்துரைக்கலாம்.  கிராமங்களுக்குக் கிராமசபை எப்படியோ, நகரத்திற்கு இது அப்படி. 2022ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் உள்ளாட்சி தினத்தன்று இத்தகைய கூட்டங்கள் தமிழகத்து நகரங்களில் நடைபெற்றபோது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்ட கூட்டம் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலிலேயே நடந்தது. பத்துப் பெண்கள் கூடித் தொடங்கிய ஊர், நகரசபையிலும் முன்வரிசை பெற்றது பொருத்தமே.

ஆனால் வெற்று நாற்காலிகளைக் கொண்டு எந்தச் சபையும் நடவாது. திருமண அழைப்பு வந்தால் தவறாமல் செல்லும் நாம், நம் தெருவின் தண்ணீரைப் பற்றிப் பேசும் கூட்டம் என்றைக்கு என்று கேட்டாவது பார்க்கிறோமா? கூட்டத்திற்குச் செல்வோர் தம் குறையை எழுத்தில் கொண்டு செல்லட்டும். எந்தத் தெருவில், எந்தக் கதவெண் எதிரில், எந்தக் கால்வாய் அடைபட்டிருக்கிறது என்று குறித்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்றும் கேட்டு வாங்கட்டும். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளைக் காட்டிப் பேசுபவரின் குரலுக்குத் தனி வலிமை உண்டு.

பொருளாலும் உழைப்பாலும் உதவ விரும்புவோருக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. 1990களின் இறுதியில் தோன்றி, 2021இல் நகர்ப்புறங்களுக்கென மீண்டும் உயிர்பெற்ற இத்திட்டத்தில், மக்கள் ஒரு பங்கை அளித்தால் எஞ்சியதை அரசு ஏற்கும். பூங்கா, நீர்நிலை, பள்ளிக் கட்டடம் போன்ற பணிகளை இதன்வழி மேற்கொள்ளலாம். ஏரியைக் காக்க ஊரார் கைகோக்கும் குடிமராமத்து நம் மண்ணின் பழைய வழக்கமே. அது தளர்ந்துவிட்டதைக் கண்ட ஆங்கிலேய அரசு 1858ஆம் ஆண்டில் சட்டமிட்டு அதை நிலைநிறுத்த முயன்றது. சட்டத்தால் கட்டாயப்படுத்தும் நிலைக்கு வராமல், மனமுவந்து செய்வதே சிறப்பு.

இல்லத்தில் தொடங்குவோம்

2003ஆம் ஆண்டில் தமிழகத்தின் கட்டடங்கள் அனைத்திற்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று அமைத்த குழாய்களும் தொட்டிகளும் இன்று எந்த நிலையில் இருக்கின்றன? பல வீடுகளில் வடிகட்டும் மணலும் சல்லியும் சேற்றால் அடைபட்டுக் கிடக்கின்றன. சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் விழும் மழையில், சிந்தியதும் ஆவியானதும் போக, ஓர் இலட்சம் லிட்டருக்குக் குறையாமல் நிலத்தடிக்கு அனுப்பலாம். 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகளாகக் கணக்கிட்டால் எட்டுக்கு மேல்! பருவமழைக்கு முன் புரட்டாசியிலேயே மாடியைப் பெருக்கி, வடிகட்டியைக் கழுவி வைப்பதற்கு அரை நாள் போதுமே.

இரண்டாவது, சமையலறை. காய்கறித் தோலையும் சோற்று மிச்சத்தையும் ஒரு கூடையில், காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் மற்றொன்றில் என்று பிரித்து வைத்தால், தூய்மைப் பணியாளர் கைவிட்டுக் கிளறும் இழிநிலை நீங்கும். அவரும் நம்மைப் போன்ற மனிதரே என்று வாயால் சொல்வதைவிட இது மேலான மரியாதை. கடைக்குச் செல்கையில் துணிப்பை எடுத்துச் செல்லும் நம் பாட்டன்மார் வழக்கத்தை, 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் நினைவூட்டியது. கால்வாயை அடைப்பது பெரும்பாலும் நாம் ஒருமுறை பயன்படுத்தி எறிந்த பை அன்றோ?

மூன்றாவது, பள்ளிவாசல். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுச் செய்கையில் நீரை விரயமாக்கலாகாது என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. அவர்கள் ஒளுவிற்குப் பயன்படுத்திய ‘முத்து’ என்னும் அளவு இன்றைய கணக்கில் ஒரு லிட்டருக்கும் குறைவு. நாமோ குழாயைத் திறந்துவிட்டு, நிமிடத்திற்கு ஐந்து லிட்டர் கொட்டக் கொட்டப் பேசிக்கொண்டே கைகழுவுகிறோம். மெல்லத் திறக்கும் சிறு குழாய்களைப் பொருத்தலாம். சோப்புக் கலவாத அந்த நீரைச் சாக்கடையில் விடாமல், மணல் வடிகட்டி வழியே உறைகிணற்றிலோ மரங்களின் வேரிலோ சேர்க்கலாம். ஜமாஅத் பெருமக்கள் ஒரு கூட்டத்தில் முடிவெடுத்துச் செய்து முடிக்கக்கூடிய சிறு செலவே இது. ஜும்ஆ நாளில் கூடும் நூற்றுக்கணக்கானோர் அதைக் கண்ணால் கண்டு தம் இல்லங்களிலும் செய்வார்கள். சொல்லிக் கொடுக்கும் பாடத்தைவிடக் காட்டிக் கொடுக்கும் பாடம் ஆழப் பதியும்.

கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து விளங்கும் ஊர்கள் நம்முடையவை. ஏரிக்கு மதம் இல்லை. நிலத்தடி நீருக்கு மதில் இல்லை. நம் மாடியில் விழுந்து நம் நிலத்தில் இறங்கிய மழை, அண்டை வீட்டாரின் கிணற்றிலும் ஊறுகிறது. நம் வாசலில் எறிந்த குப்பை, கீழ்த்தெருவில் குடியிருக்கும் முன்பின் அறியாத ஒருவரின் வீட்டிற்குள் வெள்ளத்தைப் புகுத்துகிறது. அறியாமல் செய்த தீங்கிற்கும் பாதிப்பு ஒன்றே. அறியாமல் செய்த நன்மைக்கும் பயன் உண்டு.

சிட்லபாக்கத்தார் கலங்கலில் தெளிந்த நீர் வழிந்தால் செம்பாக்கத்தார் மகிழ்வர். செம்பாக்கம் தெளிந்தால் பள்ளிக்கரணையின் பறவைகளும் வாழும். மேல்தளத்தில் இருப்பவர் யார், கீழ்த்தளத்தில் இருப்பவர் யார் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. கப்பல் ஒன்றே என்பதை உணர்ந்து, வரும் பருவமழைக்கு முன் நம் வீட்டுக் குழாயையும் தெருக் கால்வாயையும் ஒருமுறை பார்த்து வருவோமாக!